கல்லேற்றி மூழ்கடித்த கப்பல்கள்

கோபன்ஹேகனில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ரோஸ்கில்ட வந்துவிடுகிறது. என்னோடு இறங்கிய சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். செங்கல் சிவப்பில் இரட்டைக் கூம்புகளோடு நிற்கிற பேராலயத்துக்குத்தான். டென்மார்க்கின் அரசர்களும் அரசிகளுமாக ஏறக்குறைய 40 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். சலவைக்கல் பேழை, சிற்பம், பொன் முலாம் என்று ஒவ்வொரு ராஜாவும் ஊர் தன்னை எப்படி நினைக்க வேண்டும் என்பதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கிறார்.

ஆலயத்தின் பின்பக்கம் நிலம் சரிகிறது. பூங்கா வழியே புல்வெளியில் இறங்கிக்கொண்டே போனால் ஃபியோர்டு வந்துவிடும். நிலத்தைக் கீறிக்கொண்டு உள்ளே நெடுந்தூரம் வந்திருக்கும் கடல் அது. அலை இல்லை. ஜூன் மாத வெயிலிலும் காற்றில் குளிர் இருந்தது. அதன் கரையில், தண்ணீரில் கால் நனைத்தபடி ஒரு சாம்பல் நிறக் கான்கிரீட் கட்டடம். அதற்குள் ஐந்து கப்பல்கள். கட்டியவர் பேர் தெரியாது, செலுத்தியவர் பேரும் தெரியாது. ஓடித் தேய்ந்து, இனி உதவாது என்று ஊர் கழித்துக் கட்டியவை. நான் டென்மார்க் போனதே இவற்றைப் பார்க்கத்தான்.

வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தின் அந்தக் கூடத்தில் நுழைந்ததும் முதலில் தெரிவது கப்பல் அல்ல, தண்ணீர். வடக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் ஃபியோர்டு. இப்பால் கப்பல்கள். எரிக் கிறிஸ்டியான் ஸோரன்சன் என்ற கட்டடக் கலைஞர், கப்பலைப் பார்க்கிறவர் கண்ணில் கடலும் பட வேண்டும் என்று வரைந்த கூடம் இது. 1969இல் திறந்தார்கள்.

கண்ணாடியின் வெளிச்சம் பழகிய பிறகு கப்பல்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. எதுவும் முழுசாக இல்லை. மெல்லிய இரும்புக் கம்பிகளால் ஒரு கப்பலின் உடற்கட்டை அணியத்திலிருந்து பின்முனை வரை வளைத்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன்மேல், கிடைத்த பலகை கிடைத்த இடத்தில் இருக்கிறது. கிடைக்காத இடத்தில் கம்பி மட்டும் ஓடுகிறது. புது மரம் வைத்து நிரப்பவில்லை, சாயம் பூசி மறைக்கவில்லை. சிறியதொரு சரக்குக் கப்பலில் முக்கால் பங்கு மரம் மிஞ்சியிருக்கிறது. பெரிய போர்க்கப்பலிலோ கால் பங்குதான். அதன் பக்கத்தில் நின்று பார்த்தால், ஏறக்குறைய 30 மீட்டருக்குக் கம்பிக்கோடு நீண்டுகொண்டே போகிறது. அடியில் மட்டும் கறுத்த பலகைகள் படிந்திருக்கின்றன. மிச்சத்தைக் கண் தானாகப் பூர்த்திசெய்துகொள்கிறது. பூர்த்தி செய்தது நம் கண்தான், மரமல்ல என்பதும் கூடவே தெரிகிறது. அருங்காட்சியகங்களில் இவ்வளவு நாணயத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தக் கப்பல்களின் கதை 11ஆம் நூற்றாண்டில், இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே, ஸ்குல்டெலெவ் என்ற கிராமத்துக்கு எதிரே தொடங்குகிறது. ரோஸ்கில்ட அப்போது ராஜா இருந்த ஊர், ஆயர் இருந்த ஊர், காசு புழங்கிய ஊர். கடல் வழியாக வரும் பகைவருக்கு ஃபியோர்டுதான் நெடுஞ்சாலை. ஸ்குல்டெலெவ் அருகே ஆழமான நீரோட்டப் பாதை குறுகுகிறது. 1070ஐ ஒட்டி, ஊர்க்காரர்கள் பழைய கப்பல்கள் மூன்றை அங்கே கொண்டுபோய், வயிறு நிறையக் கல்லேற்றி, குறுக்கே மூழ்கடித்தார்கள். பிறகு இன்னும் இரண்டைச் சேர்த்து அடைப்பை உயர்த்தினார்கள். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் சுற்றிக்கொண்டு வருவார். தெரியாதவர் தட்டி நிற்பார்.

நல்ல கப்பலை யாரும் இப்படி வீணாக்க மாட்டார்கள். எது போனால் நஷ்டமில்லையோ அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அன்று ரோஸ்கில்டத் துறையில் பளபளப்பாக நின்ற புதுக் கப்பல்கள் எல்லாம் ஓடின, உடைந்தன, விறகாயின. கழித்துவிட்ட ஐந்தும் சேற்றுக்குள் பத்திரமாக இருந்தன.

அந்த இடத்தில் ஏதோ கப்பல் கிடக்கிறது என்பது மீனவர்களுக்குப் பரம்பரையாகத் தெரியும். அரசி மார்கரெட்டா மூழ்கடித்தது என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1957இல் முக்குளித்துத் தேடத் தொடங்கிய ஓலஃப் ஓல்சன், ஓலெ க்ரூம்லின்-பேடர்சன் இருவரும், இது அரசிக்குப் பல நூறு ஆண்டுகள் முந்தையது என்று கண்டுகொண்டார்கள். தண்ணீருக்குள் கலங்கலில் தடவிப் பார்த்து எவ்வளவுதான் வரைய முடியும்? 1962 கோடையில் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். கப்பல்கள் கிடந்த பகுதியைச் சுற்றி எஃகுத் தகடுகளைக் கடலடியில் இறக்கிச் சுவர் கட்டினார்கள். உள்ளே இருந்த தண்ணீரை இறைத்தார்கள். 900 ஆண்டுகளுக்குப் பிறகு, கல்குவியலுக்கு அடியில் நசுங்கிய பலகைகள் வெயிலைப் பார்த்தன.

அந்த வெயில்தான் ஆபத்து. சேற்றுக்குள் பிராணவாயு இல்லாததால் மரம் முழுசாக மக்கவில்லை. ஆனால் பாக்டீரியா நூற்றாண்டுக் கணக்காக மரத்தின் செல்லுலோஸை அரித்துத் தின்றுகொண்டேதான் இருந்தது. லிக்னின் என்கிற சக்கைக்கூடு மட்டும் மிஞ்சியது. அரித்த இடத்தையெல்லாம் தண்ணீர் நிரப்பிக்கொண்டது. பார்வைக்குப் பலகை, உள்ளே பெரும்பகுதி நீர். தேநீரில் ஊறிய ரஸ்க், கோப்பைக்குள் இருக்கும்வரை ரஸ்காகவே தெரியும். தூக்கினால்தானே தெரியும் சேதி. இந்த மரமும் அப்படித்தான். உலர விட்டால், வெளியேறும் நீர் செல் சுவர்களையும் சேர்த்து இழுத்துச் சுருக்கிவிடும். பலகை முறுகும், வெடிக்கும், பாதி அளவுக்கு ஒடுங்கும். பிறகு எந்த வித்தைக்காரராலும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர முடியாது. அதனால் அந்தக் கோடை முழுக்க, தோண்டியவர்கள் தோண்ட, மரத்தின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். காலால் மிதித்துவிடாமல் இருக்க மேலே பலகைப் பாலங்கள் போட்டு, குப்புறப் படுத்தபடி வேலை செய்தார்கள். எடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுத்து, ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் கட்டினார்கள். சில மாதங்களுக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தண்ணீரைத் திரும்ப உள்ளே விட்டார்கள்.

இனி மரத்துக்குள் இருக்கும் நீரை வெளியேற்ற வேண்டும். அது இருந்த இடம் காலியாகவும் கூடாது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் ப்ரோர்சன் கிறிஸ்டென்சன் என்ற நிபுணர் இதற்காகவே ஆண்டுக்கணக்கில் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் பாலிஎத்திலீன் கிளைகால். சுருக்கமாகப் பெக் என்கிறார்கள். களிம்பிலும் மாத்திரையிலும் முகப்பூச்சிலும் சேர்க்கிற அதே செயற்கை மெழுகு. தண்ணீரில் கரையும், சூட்டில் உருகும், ஆறினால் கெட்டிப்படும். பலகைகளைத் தொட்டியில் இட்டு, வெந்நீரில் பெக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், நீர் வெளியேற வெளியேற மெழுகு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். துண்டின் பருமனைப் பொறுத்து இதற்கு மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அவசரப்பட்டால் மேல்தோல் மட்டும் மெழுகாகி, உள்ளே கூடு சரிந்துவிடும். இதில் ஒரு முரண்: நன்றாக அழுகிய மரத்துக்குள் மெழுகு சுலபமாகப் போகிறது. நடுவில் இன்னும் வைரம் பாய்ந்து நிற்கிற ஓக் மரம்தான் அதை உள்ளே விடாமல் மல்லுக்கு நின்றது. அப்படிப்பட்ட சில பலகைகளுக்கு வேறு வழி பார்த்தார்கள். நீருக்குப் பதிலாக ஒருவகை ஆல்கஹாலை ஏற்றி, அதை உறையவைத்து, வெற்றிடத்தில் நேரடியாக ஆவியாக்கினார்கள். திரவமாக வெளியேறினால்தான் செல் சுவர்களை இழுக்கும். உறைந்த நிலையிலிருந்து நேரே ஆவியாகிவிட்டால் கூடு அப்படியே நிற்கும்.

மெழுகேறிய பலகைக்கு இன்னொரு வசதியும் இருந்தது. கல்லின் கனத்தில் தட்டையாகிப்போனவற்றை மறுபடி சூடாக்கினால் இளகும். இளகும்போது அவை கப்பலில் இருந்த வளைவுக்குத் திருப்பி வளைக்கலாம். ஆனால் எந்த வளைவுக்கு? ஒவ்வொரு துண்டையும் அதே அளவில் படியெடுத்து வைத்திருந்தார்கள். ஆணித்துளைகள், விளிம்பு, மரத்தின் நரம்பு எல்லாம் அந்தப் படியில் உண்டு. ஒரு பலகையின் ஆணித்துளை வரிசை அடுத்த பலகையின் வரிசையோடு பொருந்தியாக வேண்டும். படியைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, அட்டையில் வெட்டி, துளைக்குத் துளை குத்திச் சேர்த்துக்கொண்டே போனால், கையில் ஒரு பொம்மைக் கப்பல் தானாக வளைந்து எழும். வடிவத்தை ஆராய்ச்சியாளர் முடிவுசெய்யவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் துளை போட்ட தச்சர் அன்றே முடிவுசெய்துவிட்டார்.

இப்படி ஒட்டிப் பார்த்ததில் ஒரு வேடிக்கையும் நடந்தது. கூடத்தில் கப்பல்கள் ஐந்து. ஆனால் கடைசிக் கப்பலின் எண் ஆறு. நான்காம் எண் எங்கே என்று நானும் தேடினேன். முதலில் ஆறு கப்பல்கள் என்று நினைத்து எண் கொடுத்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, இரண்டும் நான்கும் ஒரே கப்பலின் துண்டுகள் என்று. கால் பங்கு மரத்தோடு நிற்கும் அந்த நீண்ட போர்க்கப்பல்தான் அது.

அந்தப் போர்க்கப்பல் இந்த ஊர்க்காரர் கட்டியதும் அல்ல. ஓக் மரத்தின் வளையங்கள் மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அகலமாகவும் பொய்த்த ஆண்டில் ஒடுங்கியும் இருக்கும். அந்த வரிசை ஒவ்வொரு நாட்டுக் காட்டுக்கும் வேறு வேறு. இதன் பலகைகளில் இருந்த வரிசை டென்மார்க்கோடு பொருந்தவில்லை, அயர்லாந்தோடு பொருந்தியது. 1042இல் வெட்டிய மரம். கட்டிய இடம் டப்ளின் பக்கம். அயர்லாந்திலிருந்து 60, 65 பேர் துடுப்புப் போட்டு வந்த கப்பல், கடைசியில் ஒரு கிராமத்தின் எதிரே கல் சுமந்து கிடந்திருக்கிறது. அகலமான வயிற்றோடு நிற்கும் முதல் எண் சரக்குக் கப்பலும், ஆறாம் எண் சிறு படகும் மேற்கு நார்வேயின் பைன் மரம். மூன்றும் ஐந்தும்தான் டென்மார்க்கில் செய்தவை.

நான் அதிக நேரம் நின்றது அந்த மூன்றாம் எண் முன்னால். 14 மீட்டர் நீளம், நாலைந்து டன் சரக்கு ஏற்றலாம், அவ்வளவுதான். ஆனால் அதன் அணியத்துக் கட்டையைப் பாருங்கள். ஒரே ஓக் மரத்தில் குடைந்து எடுத்தது. பக்கப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து முன்னால் வந்து சேருமிடத்தில், பலகைகளின் கோடுகள் நின்றுவிடவில்லை. அதே கோடுகளைக் கட்டையிலும் உளியால் செதுக்கி, மேல்நோக்கி வளைத்து, முனையில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார் தச்சர். எந்தப் பலகை எங்கே வந்து உட்காரும் என்று, ஒரு பலகைகூட ஏற்றாத முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. காகிதத்தில் வரைந்து பார்த்த காலம் இல்லை அது. ஊர் ஊராக உப்போ தானியமோ ஏற்றிப்போன ஒரு வண்டிக்கு இவ்வளவு அழகு.

ஐந்தாம் எண்ணில் நேர்மாறான காட்சி. அது சிறிய போர்க்கப்பல். அதன் மேல்விளிம்புப் பலகையில் துடுப்பு நுழைக்கும் துளைகள் இருக்கின்றன. இடையிடையே அதே அளவில் வேறு துளைகள், மரத்துண்டு வைத்து அடைத்தபடி. பலகை வேறொரு பழைய கப்பலிலிருந்து கழற்றிப் போட்டது. அந்தக் கப்பலின் துளை இடைவெளி இதற்குச் சரிவரவில்லை. அடைத்துவிட்டுப் புதிதாகத் துளைத்துக்கொண்டார்கள். ஊர்ப் பணத்தில், கைச்செலவைக் கணக்குப் பார்த்துக் கட்டியது என்று அந்த ஒட்டுகளே சொல்லிவிடுகின்றன. மேலே ஆலயத்தில் இருக்கும் எந்தச் சலவைக்கல்லிலும் இப்படி ஒரு வீட்டுக்கணக்கு எழுதியிருக்கவில்லை.

சேற்றில் 900 ஆண்டு தாங்கிய மரத்துக்குக் கரையில் 50 ஆண்டே சோதனையாகிவிட்டது. 2013 டிசம்பரில் போடில் என்ற புயல் வந்தபோது ஃபியோர்டில் தண்ணீர் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி, அந்தப் பெரிய கண்ணாடியின் வெளிப்பக்கம் வந்து நின்றது. கண்ணாடி உடைந்திருந்தால் மெழுகேற்றிய பலகைகள் மறுபடி தண்ணீரில். பெக் தண்ணீரில் கரையக்கூடியது என்பதை நினைத்துப் பார்த்தால் ஊழியர்களின் பதற்றம் புரியும். நல்ல வேளையாகக் கண்ணாடி தாங்கியது. கான்கிரீட் அவ்வளவாகத் தாங்கவில்லை. உப்புக்காற்றும் உறைபனியும் சேர்ந்து அதை உதிர்த்தன. 1998இல் பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று அரசு பட்டியலில் சேர்த்த கூடத்தை, 2018இல் அதே பட்டியலிலிருந்து நீக்கவேண்டி வந்தது. கப்பலைக் காக்கக் கட்டிய வீடு கப்பலுக்கு முன்னால் முதுமையடைந்துவிட்டது.

புதிதாகக் கட்டுவதென்றாலும் இந்த ஊரில் கடப்பாரை போட யோசிக்க வேண்டும். 1990களில் அருங்காட்சியகத்தை விரிவுபடுத்தத் துறையைத் தோண்டியபோது, அடியில் இன்னும் ஒன்பது கப்பல்கள் கிடந்தன. அதிலொன்று 36 மீட்டரைத் தாண்டும். அறியப்பட்ட வைக்கிங் கப்பல்களிலேயே மிக நீளமானது அதுதான். கப்பல் அருங்காட்சியகத்துக்கு இடம் தேடப் போய்க் கப்பல்மேலேயே இடித்துக்கொண்டார்கள். மெழுகேற்றி, உறையவைத்து உலர்த்தி, கழற்றிப் பூட்டக்கூடிய எஃகுச் சட்டத்தில் ஏற்றிய அந்தக் கப்பல் 2014இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வரை போய்வந்தது.

கூடத்தைவிட்டு வெளியே வந்தால் தார் வாசனை ஆளைத் தூக்குகிறது. பக்கத்திலேயே படகுத்துறை, பட்டறை. அங்கே மூன்றாம் எண் கப்பலை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ரம்பம் கிடையாது. ஓக் மரத்தை ஆப்பு வைத்துப் பிளக்கிறார்கள், நடுவிலிருந்து கதிர்க்கதிராக. பிறகு கோடாரியால் செதுக்கியே பலகையாக்குகிறார்கள். மரத்தின் நரம்பை அறுக்காமல் நரம்போடு போவதால், மெல்லிய பலகையும் முறியாமல் வளைகிறது. நம் மீனவர்கள் ஏரா என்பார்களே, அந்த அடிக்கட்டையை முதலில் கிடத்தி, பலகைகளை ஒன்றின் விளிம்பில் ஒன்றை ஏற்றி இரும்பாணி அறைந்து, உள்ளே ஆணி முனையில் சிறு தகட்டை மாட்டித் தட்டி மடக்குகிறார்கள். இடுக்கில் தாரில் தோய்த்த கம்பளி நூல்தான் கலப்பத்து. வங்குகள் என்கிற விலாக்கட்டைகள் பிறகுதான் ஏறுகின்றன. தோல் முதலில், எலும்பு பின்னால்.

கோடாரியைச் சாய்த்து வைத்துவிட்டு இளைப்பாறிய தச்சர் ஒருவரிடம், “உள்ளே அசலே இருக்கிறதே, நகல் எதற்கு?” என்று கேட்டேன்.

“அசல் என்ன செய்தார்கள் என்று சொல்லும். எப்படிச் செய்தார்கள் என்று சொல்லாது” என்றார். “இந்த மூன்றாம் எண்ணையே 1984இல் ஒருமுறை கட்டி இறக்கினோம். ரோவர் ஏகெ என்று பெயர். 2016 வரை ஓடியது. தேய்ந்துவிட்டது. அதைக் கட்டிய கைகளுக்கும் வயதாகிவிட்டது. அடுத்த கை பழக வேண்டாமா?”

அன்று நான் பாதியில் பார்த்த கப்பல் 2022இல் கடலில் இறங்கியது. எஸ்ட்ரிட் பூர்டிங் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு இந்த ஊரின் பெரிய அதிசயமே அந்தத் தச்சரின் பதில்தான் என்று இப்போது தோன்றுகிறது. மரத்துக்கு மெழுகேற்றலாம். தொழிலுக்கு ஏற்ற முடியாது. அதைத் தலைமுறைக்கு ஒருமுறை முதலிலிருந்து செய்துபார்த்தால்தான் உண்டு.

செய்துபார்ப்பது கரையோடு முடிவதும் இல்லை. கால் பங்கே கிடைத்த அந்த டப்ளின் போர்க்கப்பலை முழுசாகக் கட்டி, 2004இல் இறக்கினார்கள். 112 சதுர மீட்டர் பாய். 2007 ஜூலை 1 அன்று 60க்கும் மேற்பட்டவர்கள் அதில் ஏறி, ஸ்காட்லாந்தைச் சுற்றிக்கொண்டு ஆகஸ்ட் 14 அன்று டப்ளின் போய்ச் சேர்ந்தார்கள். வட கடலில் காற்று ஏமாற்றிவிட, கொஞ்ச தூரம் கயிறு கட்டி இழுத்துப்போக வேண்டியிருந்தது. கூரை இல்லாத கப்பல். மழையும் அலையும் குளிரும் நேரே உடம்பில். மெல்லிய பலகைகள் என்பதால் அலைமேல் ஏறும்போது உடல் முழுக்க முறுகி நெளிந்தது. அது பழுதல்ல, அலையோடு மல்லுக்கு நிற்காமல் அதற்கு வளைந்துகொடுக்கிற கட்டுமானம். கம்பிச் சட்டத்தில் அசையாமல் நிற்கும் அசலைப் பார்த்து யாரும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

கோடையில் சீட்டு வாங்கினால் நம்மையும் சிறு படகுகளில் ஃபியோர்டுக்குள் அழைத்துப்போகிறார்கள். பயணிதான் துடுப்பும் போட வேண்டும். மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். என் துடுப்பு எனக்கு முன்னால் இருந்த ஜெர்மன்காரரின் துடுப்போடு மோதியது. பின்னால் இருந்த பெண்மணியின் துடுப்பு என் துடுப்போடு. படகு நண்டு நடையில் பக்கவாட்டில் போனது. சுக்கானைப் பிடித்திருந்த இளம்பெண் சிரித்துக்கொண்டே கத்தினாள்: “துடுப்பைப் பார்க்காதீர்கள். முன்னால் இருப்பவர் முதுகைப் பாருங்கள்!” முதுகைப் பார்த்தேன். அது சாய்ந்தபோது சாய்ந்தேன், நிமிர்ந்தபோது நிமிர்ந்தேன். நாலைந்து இழுப்பில் தடதடப்பு நின்று, படகு ஒரே ஓட்டமாகப் பிடித்துக்கொண்டது. எட்டுப் பேருக்கு இதென்றால், ஒரே கப்பலில் 60 முதுகுகளுக்கு என்ன பழக்கம் வேண்டியிருந்திருக்கும்! எந்தத் தொட்டியிலும் ஊறவைத்துப் பாதுகாக்க முடியாத பகுதி இது. பாய் ஏற்றும் நேரம் வந்தது. அவள் கயிற்றை என் கையில் திணித்து, “இழுங்கள், இன்னும்!” என்றாள். உள்ளங்கை எரிய இழுத்தேன். திரும்பிவந்து சட்டையைக் கழற்றிக் கொடுப்பதற்குள் அடுத்த கூட்டம் படகில் ஏறி, எங்களைப்போலவே துடுப்போடு துடுப்பை மோதத் தொடங்கியிருந்தது.